ரேடியோப் பெட்டிக்குள் தெய்வமில்லை

(பொள்ளாச்சியில் கூடிய ஒரு கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ரேடியோ. அதிலும் பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல. தனி மனிதர்கள் பரீட்சை எழுதி, சர்க்காரிடம் லைசென்சு பெற்று, தங்கள் வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுவதற்கு வைத்துக்கொள்ளுகிற அமெச்சூர் ரேடியோ. "சுயமரியாதைக்காரர்களுக்கு ரேடியோ ரிப்பேரில் என்ன வேலை? ஜாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் பேசுவதை விட்டுவிட்டு, சால்டரிங் கம்பியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே!" என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்ளுகிறோம். ஜாதியையும் சாமியையும் காப்பாற்றி வருகிற தந்திரம் எதுவோ, அதே தந்திரம்தான் இன்று நம் வீட்டுச் சாமான்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனதினால் நாம் விஷயத்தை விட்டு எங்கும் போய்விடவில்லை.

அந்தத் தந்திரம் என்ன? கோயிலுக்குப் பணம் கொடுத்தவன் நீ; கல் சுமந்தவன் நீ; கட்டினவனும் நீ. ஆனால் கர்ப்பக்கிரகத்துக்குள் நீ போகக்கூடாது என்கிறான். போனால் என்ன ஆகும் என்று கேட்டால், "தீட்டாகிவிடும்" என்கிறான். உள்ளே சொல்லுகிற மந்திரத்துக்கு அர்த்தம் என்ன என்று கேட்டால், "அது உனக்குப் புரியாது, நீ கேட்கவும் கூடாது" என்கிறான். இப்போது கடையில் ஒரு பெட்டி வாங்குகிறோம். பணம் நம்முடையது. பெட்டியும் நம்முடையது. ஆனால் அதன் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "திறந்தால் உத்தரவாதம் இல்லை". உள்ளே இருக்கும் சர்க்யூட் படத்தைக் கேட்டால், "அது வெளியாருக்குக் கொடுப்பதில்லை" என்கிறார்கள். சாதாரணத் திருப்புளிக்கு அடங்காத திருகாணி. சில பெட்டிகளில் திருகாணியும் இல்லாமல் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். தோழர்களே, அந்தத் தீட்டுக்கும் இந்தச் சீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்!

நம் ஜனங்களோ ஆயுத பூசையன்று அந்தப் பெட்டிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கிறார்கள். பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டிக் கும்பிடுகிறார்கள். மறுநாள் அது நின்றுபோனால், முதுகு மூடியைக் கழற்றிப் பார்க்கிற தைரியம் மட்டும் வருவதில்லை. கும்பிடத் தெரிந்தவனுக்குக் கழற்றத் தெரியவில்லை. கழற்றத் தெரிந்தவனுக்குக் கும்பிட அவசியமில்லை. இதுதான் இன்றைய பேச்சின் சாரம் முழுவதும்.

கழற்றிப் பார்த்த ஒரு மனிதர்

கழற்றிப் பார்ப்பதால் என்ன ஆகும் என்பதற்கு நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. 1893-இல் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்களை எல்லோரும் அறிவீர்கள். அவருக்குப் பள்ளிக்கூடப் படிப்பு மிகக் குறைவு. ஒரு வெள்ளைக்காரர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அப்படி ஒன்று வேண்டுமென்று ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து வாங்கினார். வாங்கியவர் மாலை போட்டாரா? இல்லை. ஒவ்வொரு பாகமாய்க் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். அவருக்கு அதுதான் காலேஜ். 1920-இல் ஒரு பஸ் வாங்கி, இதே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்தப் பஸ்ஸில் பழனிக்குக் காவடி எடுத்துப் போனவர்கள் ஏராளமாய் இருந்திருப்பார்கள். நடுவழியில் இஞ்சின் நின்றால் ஓட வைத்தது வேலாயுதமா, ஸ்பானரா என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

அதே மனிதர் 1941-இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் துணி போர்த்தி வைத்திருக்கிற அலங்காரச் சாமானாய் இருந்த காலம் அது. ஏழை வீட்டுக்கும் அது போகலாம் என்று சொன்னது நம் கொங்கு நாட்டுக்காரர்.

நம் ராஜதானியில் ரேடியோ வந்த கதையே இப்படித்தான். சென்னையில் ரேடியோவைக் கொண்டுவந்தது சர்க்கார் அல்ல. 1924-இல் கிருஷ்ணசாமிச் செட்டியார் என்னும் என்ஜினீயரும் ஆர்வமுள்ள சிலரும் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப் என்று ஆரம்பித்து, அந்த வருஷம் ஜூலை 31-இல் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பணமில்லாமல் 1927-இல் நின்றது. பிறகு சென்னைக் கார்ப்பொரேஷன் அதை எடுத்து 1930-இல் நடத்தியது. அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது 1938-இல்தான். ஆகவே கருவியைக் கையில் எடுத்துக் குடைந்து பார்த்த ஆசைக்காரர்கள் முன்னே போனார்கள்; சர்க்கார் பின்னே வந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சரி, அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் மர்மம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. நாலைந்து வேலைக்காரர்கள் வரிசையாய் நின்று சாமானைக் கைமாற்றிக் கொடுப்பது போலத்தான். ஏரியல் கம்பியில் ஆயிரம் நிலையங்களின் அலைகள் வந்து விழுகின்றன. முதல் ஆள், நமக்கு வேண்டிய வரிசையை மட்டும் சல்லடை போல் சலித்து விடுகிறான். இரண்டாவது ஆள், பெட்டிக்குள்ளேயே உற்பத்தியாகும் இன்னொரு அலையோடு அதைக் கலந்து, கையாளச் சௌகரியமான ஓர் அலையாக மாற்றுகிறான். மூன்றாவது ஆள், கிரிஸ்டல் சில்லுகளால் ஆன இன்னும் நுட்பமான சல்லடையால் ஒரே ஒரு நிலையத்தைப் பிரித்தெடுக்கிறான். நான்காவது ஆள் அதிலிருந்து பேச்சைப் பிரிக்கிறான். ஐந்தாவது ஆள் அந்தப் பேச்சைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறான். நாம் பேசும்போது இதே வரிசை தலைகீழாய் நடக்கிறது. மைக்கில் ஆரம்பித்து ஏரியலில் முடிகிறது. இவ்வளவுதான் ரகசியம்.

வரிசை தெரிந்துவிட்டால் ரிப்பேர் என்பது சோதிடம் அல்ல, விசாரணை. ரேடியோ பேசவில்லை. முதலில் பாட்டரியும் பியூஸும் சரியா என்று பார். பிறகு பாட்டரியில் ஓடும் செட்டாயிருந்தால், வால்யூம் கட்டையின் நடுக்காலை ஒரு சிறு திருப்புளியின் முனையால் தொடு. ஸ்பீக்கரில் "உர்" என்று சத்தம் வந்தால் கடைசி ஆள் உயிரோடிருக்கிறான். குற்றம் அவனுக்கு முன்னால். சத்தம் வராவிட்டால் குற்றம் அவனிடத்திலேயே. ஒரே தொடுதலில் பாதிப் பெட்டி நிரபராதியாகிவிட்டது. மீதிப் பாதியை மறுபடி பாதியாக்கு. இப்படி நாலு தடவை செய்தால், குற்றவாளி எந்த மூலையில் ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்துபோகும். கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் ஸ்டார்ட்டரா, கேபிளா, காயிலா என்று பார்க்கிற நம் விவசாயிக்கு இது புதிய வித்தையா? மோட்டாரைக் கழற்றி, எரிந்த காயிலை உருவி, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை இந்தச் சீமையில் இல்லாத ஊர் எது?

ஆனால் இந்த விசாரணை நடக்க வேண்டுமானால் இரண்டு காரியம் வேண்டும். ஒன்று, அந்தந்த ஆள் தனித்தனியாய் நிற்க வேண்டும். எல்லோரையும் ஒரே மூட்டையாய்க் கட்டிப் பசை ஊற்றிவிட்டால் யாரை விசாரிப்பது? இரண்டு, யார் எங்கே நிற்கிறான் என்கிற படம் நம் கையில் இருக்க வேண்டும். பழைய வால்வு ரேடியோக்களில் வால்வு சாக்கெட்டில் செருகியிருக்கும். பல்பை மாற்றுவது போல் பிடுங்கி மாற்றலாம். பல செட்டுகளில் சர்க்யூட் படத்தையும் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் ஹீத்கிட் என்ற கம்பெனி 1947 முதல், பாகங்களையும் ஒரு புத்தகத்தையும் பெட்டியில் போட்டு விற்றது. வாங்கியவரே படிப்படியாய்ப் பூட்டிக்கொள்ளுவார். பூட்டினவருக்குப் பிரிக்கத் தெரியாமல் போகுமா? 1992-இல் அந்தக் கம்பெனி அந்த வியாபாரத்தை நிறுத்திவிட்டது.

குழாய் வாஷரில் ஒரு காயில்

சீமைக் கதை இருக்கட்டும். 2003-இல் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் பர்ஹான் என்பவர் பிட்எக்ஸ் என்று பெயரிட்டு ஓர் அமெச்சூர் செட்டின் படத்தை உலகத்துக்கே இலவசமாய் வெளியிட்டார். அதில் என்ன விசேஷம்? முன்னே சொன்ன வரிசையில், கேட்பதற்கு ஒரு கூட்டம், பேசுவதற்கு இன்னொரு கூட்டம் என்று வைக்காமல், நடுவிலுள்ள ஆட்களையே இரு திசையிலும் வேலை செய்யும்படி அமைத்தார். செலவும் பாகமும் குறைந்தன. அதைவிடப் பெரியது, அவர் தேர்ந்தெடுத்த பாகங்கள். மூலைக் கடையிலும் கிடைக்கிற பி.சி. 547 டிரான்சிஸ்டர். கம்ப்யூட்டர்களுக்காகச் செய்யப்பட்ட மலிவான கிரிஸ்டல். கடைசியில் சக்தியைக் கூட்டி ஏரியலுக்குத் தள்ளுவதற்கு, ரேடியோவுக்கென்றே செய்யப்படாத ஐ.ஆர்.எஃப். 510 என்கிற மூன்று கால் பாகம். காயில் சுற்றச் சீமையிலிருந்து வர வேண்டிய வளையம் கிடைக்காதவர்களுக்கு அவர் காட்டிய வழி என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாயில் போடுகிற வாஷர்! அதில் கம்பியைச் சுற்று என்றார். சுற்றினார்கள்; வேலை செய்தது.

தோழர்களே, இதைச் சிக்கனம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இது சுயமரியாதை. "உன்னிடம் இல்லாததைத் தேடி என்னிடம் வா" என்பது ஒரு மாதிரி. "உன் ஊரில் இருப்பதை வைத்துச் செய்துகொள், எப்படி என்று நான் சொல்லுகிறேன்" என்பது இன்னொரு மாதிரி. முதலாவது புரோகிதம். இரண்டாவது தோழமை. 2017-இல் அவர் மைக்ரோ பிட்எக்ஸ் என்ற அடுத்த செட்டைக் கொண்டுவந்தபோது, அலைவரிசையை ஆளுகிற சிறு கம்ப்யூட்டரைத் தனிப் பலகையாய்ச் செருகிப் பிடுங்கும்படி வைத்து, அதற்குள் ஓடுகிற கட்டளைகளையும் திறந்து கொடுத்துவிட்டார். பல தேசத்து ஆட்கள் அதைத் திருத்தித் தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டார்கள். எவருக்கும் தீட்டுப் படவில்லை!

அந்த ஐ.ஆர்.எஃப். 510-ஐப் பற்றி இன்னொரு வார்த்தை. ஏரியலை மாட்டாமல் பேசினாலோ, அளவுக்கு மேல் கரண்டு ஓடவிட்டாலோ, அது எரிந்துபோகக்கூடும். எரியட்டும். சொற்பக் காசுப் பாகம். மூன்று காலின் ஈயத்தையும் உருக்கி எடுத்து, வேறொன்று வைத்து, கரண்டு அளவை மறுபடி சரிபார்த்தால் அன்று சாயங்காலமே பேசலாம். எரியவே எரியாத கருவி உலகத்தில் இல்லை. எரிந்தால் உடையவனுடைய கைக்கு அடங்குகிற இடத்தில் எரிய வேண்டும். இதுதான் நல்ல அமைப்புக்கு அடையாளம்.

துண்டு துண்டாய் இருந்தால் மட்டும் போதுமா?

இங்கே நாம் எச்சரிக்கையாய் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "எங்கள் செட்டும் தனித்தனிப் பலகைகளால் ஆனதுதான், ஒன்று கெட்டால் அந்தப் பலகையை மாற்றிக்கொள்ளலாம்" என்று சில கம்பெனிக்காரர்களும் சொல்லுவார்கள். கேட்பதற்கு நன்றாயிருக்கும். ஆனால் அந்தப் பலகை அவர்களிடம் மட்டும் கிடைக்கும், விலை அவர்கள் சொன்னது, படம் கிடையாது, இரண்டு ரூபாய்க் கண்டென்சர் கெட்டதற்குப் பலகை முழுவதையும் வாங்க வேண்டும், நாளைக்கு அவர்கள் அதைச் செய்வதை நிறுத்திவிட்டால் செட்டு பழைய இரும்புக்குப் போகும். இது எப்படி இருக்கிறதென்றால், பெரிய கோயில் ஒன்றுக்குப் பதிலாய்ப் பத்துச் சின்னக் கோயில் கட்டி, பத்திலும் அதே பூசாரியை உட்கார வைத்தது போல இருக்கிறது! ஆகவே துண்டாய்ப் பிரிப்பது மட்டும் விடுதலை ஆகாது. பிரித்த துண்டுக்குப் படம் வேண்டும்; அதற்குள் இருக்கும் பாகம் பொதுக் கடையில் கிடைக்க வேண்டும்; பூட்டியிருப்பது சாதாரணத் திருகாணியாய் இருக்க வேண்டும்; எந்த இடத்தில் எத்தனை வோல்ட்டு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால்தான் வாங்கினவன் உடையவன். இல்லாவிட்டால் அவன் வாடகைக்காரன்.

எதிர்க்கட்சி வாதத்தையும் யோக்கியமாய்ப் பார்த்துவிடுவோம். "மூடி ஒட்டினால்தான் சின்னதாயும், இலேசாயும், தண்ணீர் புகாமலும் செய்ய முடியும், செருகுகிற இடம் அதிகமானால் பழுதும் அதிகம்" என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. நம் தென்னந்தோப்பு ஈரத்தில் செருகு முனைகள் பச்சை பூத்துப் போவதை நாமும் பார்த்திருக்கிறோம். மணல் அளவுச் சில்லுக்குள் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டரை அடைத்தபிறகு, அதைப் பிளந்து ரிப்பேர் செய்ய எவராலும் ஆகாது என்பதும் மெய். நாம் அதைக் கேட்கவில்லை. சில்லைப் பிளக்க வேண்டாம். சில்லை மாற்ற விடு. ஈரம் புகாமலிருக்கப் பசைதானா வழி? ரப்பர் வளையமும் திருகாணியும் இல்லையா? நம் கிணற்றுக்குள் தண்ணீரில் மூழ்கியே ஓடுகிற மோட்டாரைக் கழற்றிப் பூட்டவில்லையா? ஆகாத காரியத்தை ஆகாது என்று ஒப்புக்கொள்ளலாம். ஆகிற காரியத்தை லாபத்துக்காக ஆகாது என்று சொல்லுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

நாம் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. பிரான்சு தேசத்தில் 2021 முதல், சில சாமான்களின் மேல், ரிப்பேர் செய்ய எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மார்க்கு என்பதாகக் கடையிலேயே காட்ட வேண்டுமென்று சட்டம். ஐரோப்பிய யூனியன் 2024-இல் ரிப்பேர் உரிமைக்காக ஒரு சட்டம் இயற்றியது. இந்திய சர்க்காரும் 2022-இல் ரிப்பேர் உரிமை பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி போட்டதாலேயே காரியம் நடந்துவிடுவதில்லை என்பது நமக்குத் தெரிந்த விஷயம். கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் நடக்கும்.

உயிர் காக்கும் காரியம்

"கையில் மொபைல் போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும் காலம் வரும் என்று பெரியார் அவர்கள் 1940-களிலேயே 'இனிவரும் உலக'த்தில் சொன்னார். அது வந்தும்விட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சட்டைப் பைக் கருவி எங்கேயோ நிற்கிற கோபுரத்தையும், அங்கே வருகிற கரண்டையும் நம்பி வாழ்கிறது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி அந்தமானை அடித்தபோது டெலிபோன் செத்துப் போயிற்று. அந்தச் சமயம் அமெச்சூர் ரேடியோ நிலையம் ஒன்று நடத்துவதற்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவர் கூட்டத்தாரும், தங்கள் செட்டை வைத்துக்கொண்டு செய்திகளை வெளியே அனுப்பினார்கள். பெண்ணுக்கு அடுப்படிதான் இடம் என்று எழுதி வைத்த சாஸ்திரங்கள் அத்தனையும் சேர்ந்து அன்று ஒரு வார்த்தையைக் கூடக் கடல் தாண்டி அனுப்பவில்லை; ஒரு பெண் அனுப்பினார்.

நமக்குப் பின்னால் ஆனைமலை நிற்கிறது. மழைக் காலத்தில் மண் சரிந்து ரோடு அறுந்து, கரண்டும் கோபுரமும் போய்விட்டால், மேலே தோட்டத்தில் இருக்கிற தொழிலாளி கீழே எப்படிச் சொல்லுவான்? லாரி பாட்டரியில் ஓடுகிற ஒரு செட்டும், அதை ஓட்டத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் செட்டு கெட்டால் கம்பெனிக்குப் பார்சல் அனுப்பி ஆறு வாரம் காத்திருக்க முடியுமா? ஓட்டுகிறவனே திறந்து பார்த்துச் சரிசெய்யத்தக்க செட்டாயிருந்தால் ஓர் உயிர் பிழைக்கும். பசை ஒட்டிய பெட்டியாயிருந்தால் அதற்கும் அம்மிக் கல்லுக்கும் வித்தியாசமில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. லைசென்சு பெற்றவருக்குச் சர்க்கார் கொடுப்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளக் குறி. இந்தியாவில் அது பெரும்பாலும் "வி.யு." என்று தொடங்குகிறது. அதில் ஜாதிப் பட்டத்துக்கு இடமில்லை. காற்றில் கூப்பிடுகிறவனை, "நீ எந்தத் தெரு?" என்று எவனும் கேட்பதில்லை, "உன் சத்தம் தெளிவாய் வருகிறது" என்றுதான் சொல்லுகிறான். 12 வயது நிரம்பிய எவரும் பரீட்சை எழுதலாம்; கேள்வி மின்சாரத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியுமே தவிர, கோத்திரத்தைப் பற்றி அல்ல. லைசென்சு இல்லாமல் காற்றில் பேசுவது குற்றம் என்பதையும் இளைஞர்களுக்குச் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

ஆகவே தோழர்களே, கை தட்டிவிட்டுக் கலைந்து போகாமல் மூன்று காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். முதலாவது, ஒவ்வொரு ஊர் வாசகசாலையிலும் பத்திரிகைக்குப் பக்கத்தில் ஒரு மல்டிமீட்டரும், ஒரு சால்டரிங் கம்பியும், நாலு திருப்புளியும் வையுங்கள். கெட்டுப்போய்ப் பரண்மேல் கிடக்கிற பாட்டரி ரேடியோ ஒன்றை அங்கே கொண்டுவந்து, பையன்களும் பெண்களும் சேர்ந்து திறந்து பார்க்கட்டும். வீட்டுக் கரண்டு ஓடுகிற பெட்டியைத் தெரிந்தவர் துணையில்லாமல் தொட வேண்டாம். தைரியம் வேறு, முரட்டுத்தனம் வேறு. இரண்டாவது, எந்தச் சாமான் வாங்கினாலும் கடைக்காரரிடம், "இதற்குப் படம் உண்டா? பாகம் கிடைக்குமா? நாங்கள் திறக்கலாமா?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார். ஊரே கேட்டால் கம்பெனிக்கு எழுதுவார். மூன்றாவது, வருகிற ஆயுத பூசையன்று உங்கள் ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கிற நேரத்தில் எண்ணெய் போடுங்கள். மாலை வாங்குகிற காசுக்கு ஒரு பியூஸ் வாங்கி வையுங்கள். அதுதான் அந்த ஆயுதத்துக்கு நாம் செய்கிற உண்மையான மரியாதை.

எந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாது என்கிறார்களோ, அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே நம் இயக்கம் ஆரம்ப முதல் சொல்லி வருவது.